பட்டுப்புழு ஒரே நாளில் பழுக்க: தோலுரிப்பு ஹார்மோன் கணக்கில் தொகுதியை நடத்தும் முறை

"மூணு நாளா புழு பொறுக்கிட்டே இருக்கோம், இன்னும் முடியலை. ஹார்மோன் தெளிக்கலாமா?" புதிதாகப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். அந்த நாளில் தெளித்துப் பெரிய பயன் இல்லை. புழுக்கள் முன்னும் பின்னுமாகப் பழுக்கின்றன (தீனியை விட்டுக் கூடு கட்டத் தயாராகின்றன) என்றால், தவறு ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பே, மூன்றாவது அல்லது நான்காவது தோலுரிப்பின்போதே நடந்துவிட்டது. ஹார்மோன் திரவம் சில மணி நேர இடைவெளியைத்தான் மூடும். இரண்டு நாள் இடைவெளியை மூடாது.

இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்ந்த புழுவை வாங்கி, தண்டோடு இலை போட்டு வளர்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முட்டையிலிருந்தே வளர்ப்பவர்களுக்கும் நான்காம் பகுதி முதல் எல்லாம் பொருந்தும்.

1. புழுவுக்குள் ஓடும் கடிகாரம்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

புழுவின் தலைக்கு அடுத்த கண்டத்தில், முதல் மூச்சுத்துளையை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுரப்பிகள் உண்டு. முன்மார்புச் சுரப்பி என்று பெயர். கண்ணாடி போல இருப்பதால் அறுத்துப் பார்த்தாலும் பழக்கமில்லாத கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மூளையிலிருந்து ஒரு புரத ஹார்மோன் வந்து தட்டியதும் இவை எக்டைசோன் வகை ஸ்டீராய்டைச் சுரக்கும். அது உடலுக்குள் 20-ஹைட்ராக்ஸி எக்டைசோனாக மாறி வேலை செய்யும். பழைய தோலைக் கழற்று, புதுத் தோலை நெய் என்ற கட்டளை அதுதான்.

எந்த மாதிரித் தோல் என்பதை இன்னொரு ஹார்மோன் சொல்லும். அது இளமை ஹார்மோன். அது நிறைய இருக்கும்போது எக்டைசோன் ஏறினால் புழு மறுபடியும் புழுவாகவே தோலுரிக்கும். ஐந்தாம் பருவத்தில், அதாவது நான்காம் தோலுரிப்புக்குப் பின் வரும் கடைசிப் புழுப் பருவத்தில், அது வற்றிய பிறகு ஏறினால் புழு தீனியை விட்டு, கூடு கட்டி, கூட்டுப்புழுவாகும்.

மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்த ஹார்மோன் தொடர்ந்து ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறும், உச்சம் தொடும், இறங்கும். இறங்கிய பிறகுதான் புழு பழைய தோலிலிருந்து வெளியே வரும். இரண்டு, பூச்சிகளால் ஸ்டீரால் என்ற மூலப்பொருளைத் தாமாகச் செய்துகொள்ள முடியாது. மல்பெரி இலையில் உள்ள தாவர ஸ்டீராலைத் தின்று, அதைக் கொலஸ்டிராலாக மாற்றி, அதிலிருந்துதான் எக்டைசோன் செய்கின்றன. அரைவயிற்றுப் புழு பின்தங்கிப் போவதில் வியப்பில்லை.

கல்லூரி ஆய்வகங்களில் ஒரு பழைய சோதனை காட்டுவார்கள். ஐந்தாம் பருவப் புழுவைச் சரியான நேரத்தில் மார்புக்குப் பின்னால் நூலால் இறுகக் கட்டிவிட்டால், சுரப்பி இருக்கும் முன்பாதி கூட்டுப்புழுத் தோலுக்கு மாறும். பின்பாதி புழுத் தோலோடு அப்படியே கிடக்கும். ஒரே உடம்பு, இரண்டு வயது. உங்கள் வளர்ப்புப் படுக்கையில் இதுவே நடக்கிறது, ஆனால் நூல் இல்லாமல், 40,000 புழுக்களுக்கு இடையே.

2. புழு வருமுன் கையில் இருக்க வேண்டியவை

வெப்பமானியும் ஈரப்பதமானியும், நீற்றிய சுண்ணாம்புத் தூள், விஜேதா போன்ற படுக்கைக் கிருமிநாசினித் தூள், படுக்கை மேல் விரிக்கும் வலை, ஒரு கைலென்ஸ், ஒரு நோட்டு. லென்ஸும் நோட்டும் இல்லாமல்தான் பலர் தொடங்குகிறார்கள். தோலுரிப்புக்கு உட்கார்ந்த (தீனியை விட்டு அசையாமல் நின்ற) நேரமும் எழுந்த (புதுத் தோலோடு வெளியே வந்த) நேரமும் எழுதி வைக்காவிட்டால் ஐந்தாம் பருவத்தில் எந்த நாள் ஓடுகிறது என்றே தெரியாது.

ஹார்மோன் திரவத்தையும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். சம்பூர்ணா என்ற பெயரில் வருவது பலருக்கும் தெரியும். தாவரங்களிலிருந்து எடுத்த எக்டைஸ்டீராய்டு, அதாவது எக்டைசோன் வகை ஸ்டீராய்டு அது. தேவைப்படும் நாளில் டவுனுக்கு ஓடினால் அரை நாள் போய்விடும். இதில் அரை நாள் என்பது பெரிய கணக்கு.

பழுத்த புழு கூடு கட்டும் தட்டிகளான சந்திரிகையோ நெட்ரிகாவோ, முழுத் தொகுதிக்கும் ஒரே நாளில் போதுகிற எண்ணிக்கையில் கழுவிக் காயவைத்துத் தயாராக இருக்க வேண்டும். 6-க்கு 4 அடிச் சந்திரிகை ஒன்றில் சுமார் 1,000 புழு விடலாம். 100 முட்டைத் தொகுதி (ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள் ஒரு தொகுதி) வளர்த்தால் 40,000 புழுவுக்குக் குறையாது. பாதிச் சந்திரிகையை வைத்துக்கொண்டு முழுத் தொகுதியையும் ஒரே நாளில் பழுக்க வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். மீதிப் புழு இலைத்தண்டிலும் ராக் (படுக்கை அடுக்கு) கம்பியிலும் கூடு கட்டிவிட்டது.

3. வந்த நாளில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"இரண்டாம் தோலுரிப்புக்கு எத்தனை மணிக்கு உட்கார்ந்தது?" மையத்தில் இதைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். முட்டை பொரியும் முன் இரண்டு நாள் கறுப்புத் துணி போட்டு இருட்டில் வைத்து, விடியற்காலையில் வெளிச்சம் காட்டி ஒரே நேரத்தில் பொரிக்க வைத்த புழுவா என்றும் கேட்கலாம். அங்கே கிடைக்கும் ஒற்றுமைதான் உங்கள் முதலீடு.

இரண்டு வேறு நாள்களில் பொரித்த தட்டுகளை ஒரே படுக்கையில் கொட்டாதீர்கள். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். மொத்த வளர்ப்பே 25 நாள் சுமார். அதில் ஒரு நாள் என்பது இரண்டு கூட்டத்தின் ஹார்மோன் உச்சமும் ஒன்றோடொன்று சேராத அளவு தூரம். ராக்கின் இரு கோடிகளில் பிரித்து வையுங்கள்.

4. தோலுரிப்புக்கு உட்காருவதைக் கண்டுபிடிப்பது

கன்னடம் பேசும் விவசாயிகள் இதை ஜ்வரம் என்பார்கள். பொருத்தமான பெயர். காய்ச்சல்காரனைப் போலத்தான் புழு சாப்பாட்டை விட்டுச் சுருண்டு உட்காரும்.

மூன்றாம் பருவத்தில் மூன்றரை நாள் கழிந்ததும் லென்ஸோடு குனியுங்கள். முதலில் தெரிவது பளபளப்பு. தோல் இழுத்துக் கட்டிய பலூன் போல மினுங்கும். உடம்பு பெருத்திருக்க, தலை மட்டும் அதற்குப் பொருந்தாமல் சின்னதாக இருக்கும். பிறகு முன்பகுதியைத் தூக்கி அசையாமல் நிற்கும். அந்த நிலையில் தலைக்குப் பின்னால் பாருங்கள், பழுப்பாக ஒரு சின்ன முக்கோணம் தெரியும். அதுதான் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் புதுத் தலை. அது தெரிந்துவிட்டால் ஹார்மோன் உச்சம் வந்தாயிற்று, இனி அந்தப் புழுவுக்கு நீங்கள் இலை போட்டாலும் வீண்.

புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. பத்தில் மூன்று புழு உட்கார்ந்ததைப் பார்த்து, மீதி ஏழும் தின்கிறதே என்று வழக்கம்போல் தண்டு தண்டாகப் போடுகிறார்கள். உட்கார்ந்த புழு இலைக்கு அடியில் புதைந்து, ஈரத்தில் கிடந்து, தோலுரிக்க முடியாமல் தவிக்கிறது. அடுத்த வேளை தாமதப் புழுவோடு சேர்த்து அதையும் குலைக்கிறார்கள்.

சரியான முறை: உட்காரத் தொடங்கியதும் இலையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். இலையைச் சிறிதாக வெட்டி மெல்லிய அடுக்காக, தின்னும் புழுவுக்குப் போதுகிற அளவு மட்டும் தூவுங்கள். பின்தங்கியவை தின்று முன்னால் போனவற்றை எட்டிப் பிடிக்க இது ஒரு வாய்ப்பு. பத்தில் ஒன்பது உட்கார்ந்ததும் தீனியை முழுவதும் நிறுத்துங்கள்.

5. தோலுரிப்பின்போது: கையைக் கட்டிக்கொண்டு இருப்பது

மூன்றாம் தோலுரிப்பு ஒரு நாள் பிடிக்கும். நான்காவது அதற்கும் கூடுதலாக, 30 மணி நேரம் சுமார்.

தீனி நின்றதும் சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் கட்டிப் படுக்கை முழுவதும் தட்டுங்கள். இரண்டு காரணம். படுக்கையின் ஈரத்தை உறிஞ்சும். மீதி இலையைச் சீக்கிரம் காயவைக்கும். இலை பச்சையாக இருந்தால் முதலில் எழுந்த புழு அதைத் தின்னத் தொடங்கிவிடும். அங்கேயே தொகுதி இரண்டாகப் பிரிந்துவிடும். கிருமிநாசினித் தூளை இப்போது போட வேண்டாம், அதற்கு நேரம் பின்னால் வரும்.

காற்றோட்டம் வேண்டும். ஆனால் மின்விசிறியை நேராகத் திருப்பாதீர்கள். படுக்கை உலர்ந்திருக்க வேண்டும், புழு உலரக் கூடாது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் இருக்கும் ஈரம் வற்றினால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், புழுவைத் தொடாதீர்கள். உட்காருமுன் ஒவ்வொரு புழுவும் கொஞ்சம் பட்டு நூல் விட்டு ஒரு சின்னப் பாய் பின்னி, கால் கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்கிறது. தோலுரிக்கும் நேரத்தில் பழைய தோல் அந்தப் பாயில் மாட்டி நிற்க, புழு முன்னோக்கி ஊர்ந்து வெளியே வரும். ஆணியில் மாட்டிய சட்டையிலிருந்து உருவிக்கொண்டு வருவது போல. இடம் மாற்றுகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று எடுத்தால் அந்தப் பிடி போய்விடும். பிறகு பழைய தோல் வாலில் சுருண்டு மாட்டிக்கொண்ட புழுக்களைப் பார்ப்பீர்கள். அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

6. எழுந்த பின் முதல் தீனி

இதற்கு ஒரே விதி: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புழு எழும்வரை இலை கிடையாது.

எழுந்த புழுவை அடையாளம் காண்பது எளிது. தலை பெரிதாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். தோல் தொளதொளவென்று சுருக்கம் விழுந்திருக்கும். பக்கத்தில் உதிர்ந்த பழைய தலைக்கூடு ஒரு சின்ன விதை போலக் கிடக்கும். முதலில் எழுந்தவை தலையைத் தூக்கித் தூக்கி இலை தேடும். மனசு கேட்காது. என் முதல் இரண்டு வளர்ப்பிலும் நானும் இரக்கப்பட்டுப் போட்டவன்தான். சில மணி நேரப் பசியை அவை தாங்கும். நீங்கள் இலை போட்ட அந்த நிமிடத்தில் அவற்றுக்கு அடுத்த பருவத்தின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, உட்கார்ந்திருப்பவற்றுக்கு ஓடவில்லை.

முதல் தீனிக்கு அரை மணி நேரம் முன் கிருமிநாசினித் தூள் தூவுங்கள். பிறகு வலையை விரித்து, அதன் மேல் இலை போடுங்கள். எழுந்தவை வலையேறி வரும். சில மணி நேரம் கழித்து வலையைத் தூக்கினால் கீழே தங்குவது தாமதக் கூட்டம். அதைத் தனி அடுக்கில் வையுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பான இடமாக இருந்தால் நல்லது.

7. நான்காம் தோலுரிப்பு: சமன் செய்யக் கடைசி வாய்ப்பு

செய்முறை மேலே சொன்னதேதான். வித்தியாசம் என்னவென்றால், இதற்குப் பிறகு தொகுதியை ஒன்றுசேர்க்க இன்னொரு நிறுத்தம் கிடையாது. இங்கே ஆறு மணி நேரம் பொறுத்தால் கடைசியில் ஒரு நாள் மிச்சம்.

எழுந்து முதல் தீனி போட்ட தேதியையும் நேரத்தையும் நோட்டில் பெரிதாக எழுதுங்கள். ஐந்தாம் பருவத்தின் முதல் நாள் அதுதான். புழு வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தாலே பருவம் நீளும், நாட்காட்டி அதைக் காட்டாது.

8. ஐந்தாம் பருவம்: தீனியும் பக்கத்து வயலும்

மொத்த வளர்ப்பில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்த ஒரு வாரத்தில்தான் போகிறது. பட்டுச்சுரப்பி கடைசி நாள்களில்தான் ஊதிப் பெருக்கிறது. வெப்பம் 24, 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம், நல்ல காற்று, நெரிசலில்லாத படுக்கை. நெரிசலான இடத்தில் ஓரத்துப் புழு தின்னும், நடுப்புழு பட்டினி கிடக்கும். மறுபடியும் இரண்டு கடிகாரம்.

பக்கத்து வயலை இப்போது கவனிக்க வேண்டும். எல்லாப் பூச்சிமருந்தும் புழுவை உடனே கொல்லும் என்று நினைக்காதீர்கள். சில மருந்துகள் நேராக இந்த ஹார்மோன் கணக்கிலேயே கை வைப்பவை.

வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிஃபென், இளமை ஹார்மோனைப் போல நடிக்கும். துளி அளவு இலையில் பட்டாலும் புழு சாகாது. கொழுகொழுவென்று தின்றுகொண்டே இருக்கும், எட்டு, பத்து, பன்னிரண்டு நாளானாலும் பழுக்காது. டெபுஃபெனோசைடு வகை இதற்கு நேர்மாறு. எக்டைசோனைப் போல நடித்து, நேரமில்லாத நேரத்தில் தோலுரிக்க வைக்கும். பழைய தலைக்கூடு கழலாமல் இரட்டைத் தலையோடு புழு சாகும். நோவலூரான் தோலுக்கு வேண்டிய கைட்டினைத் தடுப்பதால் தோலுரிப்பில் புழு கிழிந்து போகும்.

ஒரு முறை என் கொட்டகையில் மேற்குப் பக்கத் தோட்டத்து இலை தின்ற அடுக்குகள் மட்டும் பழுக்கவில்லை. புழு பார்க்க அழகாக இருந்தது, எடையும் அதிகம். நானும் நல்ல இலை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நிலத்தில் என்ன அடித்தார்கள் என்று விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஹார்மோன் திரவத்தை நம்ப வேண்டாம். உள்ளே இளமை ஹார்மோன் வேஷம் போட்ட மருந்து இருக்கும்போது வெளியிலிருந்து எக்டைசோன் கொடுத்துப் பயனில்லை. சந்தேகமான வரிசை இலையை வெட்டாதீர்கள். புதிதாக யாராவது பக்கத்தில் பயிர் வைத்தால் என்ன மருந்து, எந்த நாள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

9. ஹார்மோன் திரவம் கொடுக்கும் நேரம்

நூறு புழுவில் ஐந்து முதல் பத்து பழுக்கும்வரை பாட்டிலைத் திறக்காதீர்கள்.

பழுத்த புழு தீனியை விடும், உடம்பு குறுகும், கழுத்துப் பக்கம் ஒளி ஊடுருவும் மஞ்சள் படரும். எச்சம் மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. அதுவரை கெட்டியாக, வரி வரியாக விழுந்தது, இப்போது மெத்தென்று ஈரமாக விழும். குடலைக் காலி செய்கிறது. அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு படுக்கை ஓரத்துக்கு நகரும்.

முதல் சில புழுவில் இது தெரிந்தால், மற்றவற்றிலும் இளமை ஹார்மோன் வற்றி, பட்டுச்சுரப்பி ஏறக்குறைய நிரம்பிவிட்டது என்று பொருள். அவற்றின் சொந்த எக்டைசோன் இன்னும் சில மணி நேரத்தில் உச்சம் தொடப் போகிறது. நாம் கொடுப்பது அந்த உச்சத்தை முன்னால் இழுக்கிறது, அவ்வளவுதான். இரண்டு நாள் முன்பே கொடுத்தால் புழு பழுக்கத்தான் செய்யும். ஆனால் அரைகுறையாக நிரம்பிய சுரப்பியோடு மெல்லிய கூடு கட்டும். இலைச் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தவர்கள் சந்தையில் கூட்டைத் தட்டிப் பார்க்கும்போது வருந்தினார்கள்.

செய்முறை:

மாலை ஐந்து மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 18 முதல் 24 மணி நேரத்தில் புழு பழுக்கும் என்பதால், மறுநாள் பகலில் பொறுக்க ஆள் கிடைக்கும். காலையில் கொடுத்தால் நள்ளிரவில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முந்தின தீனியைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். பசியோடு இருந்தால் எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் தின்னும்.

எத்தனை லிட்டர் தண்ணீரில் கலப்பது, எத்தனை முட்டைத் தொகுதிக்கு ஒரு பாட்டில் என்பதை லேபிளைப் பார்த்துச் செய்யுங்கள். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைத் தொடவே தொடாதீர்கள். இதற்கென்று புதுக் கைத்தெளிப்பான் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இலையைப் பரப்பித் தெளித்து, புரட்டிப் போட்டு மறுபடி தெளியுங்கள். சொட்டுகிற ஈரம் கொஞ்சம் உலர்ந்த பிறகு படுக்கை முழுவதும் ஒரே சீராகப் போடுங்கள். மருந்து வாய் வழியாகப் போக வேண்டும். அதனால் மிச்சம் விழாத அளவு இலை போதும்.

அந்த இலை தீர்ந்ததும் வழக்கமான இலையைத் தொடர்ந்து போடுங்கள். மருந்து கொடுத்தாயிற்று என்று தீனியை நிறுத்துவது பெரிய தவறு. அந்தக் கடைசிச் சில வேளைத் தீனியும் கூட்டின் எடையில் சேரும்.

நாயுருவியிலும் பாலக் கீரையிலும்கூட எக்டைஸ்டீராய்டு இருக்கிறது, அரைத்துத் தெளிக்கலாமா என்று கேட்பார்கள். இருப்பது உண்மை. ஆனால் செடிக்குச் செடி அளவு மாறும், சாற்றில் வேறு என்னென்னவோ சேரும். 40,000 புழுவை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்ய மாட்டேன்.

10. சந்திரிகையில் விடுவது

மறுநாள் மதியத்திலிருந்து படுக்கையை விட்டு நகராதீர்கள். பாதிக்கு மேல் பழுத்ததும் தண்டுகளை மெல்ல உதறிச் சேர்க்கலாம், அல்லது படுக்கை மேலேயே நெட்ரிகாவை விரித்துப் புழுவைத் தானாக ஏறவிடலாம். ஒரே நேரத்தில் பழுத்த தொகுதிக்கு இரண்டாவது முறைதான் ஆள் கூலியை மிச்சப்படுத்தும்.

பழுக்காத புழுவைச் சேர்த்து விடாதீர்கள். அது சந்திரிகையில் எச்சம் போட்டுப் பக்கத்துக் கூட்டைக் கறையாக்கும். பழுத்ததை நேரத்தில் விடாவிட்டாலும் நஷ்டம். படுக்கையிலேயே நூலைக் கக்கி வீணாக்கும். பழுத்த புழு கூடு கட்டுமுன் கடைசியாகச் சிறுநீர் விடும். அதனால் சந்திரிகைக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, கூட்டமாக ஒரே மூலையில் குவியாமல் பரப்பி, காற்றாடும் இடத்தில் சாய்த்து வையுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலைக்கு அடியில் பிரித்து வைத்த அந்தத் தாமதக் கூட்டம் நினைவிருக்கிறதா? அதற்கு இன்று மருந்து இலை போட வேண்டாம். அதிலும் நூற்றுக்கு ஐந்து பழுக்கட்டும், அநேகமாக நாளை மாலை. கொஞ்சம் திரவத்தை அதற்கென்று கலக்காமல் மிச்சம் வைத்திருங்கள்.